நான் தப்பாக எழுதிய ஒரு வரியும், அப்புச்சியின் ஒன்பது ஆடுகளும்

“அம்மணி, நீ எழுதுனதைப் படிச்சுப்போட்டுத்தான் வாங்கியாந்தேன்” என்று அப்புச்சி போனில் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. டெஸ்க்கில் பக்கத்து சீட் தோழியிடம், “எங்க தாத்தாவே என் ரீடர், தெரியுமா?” என்று பீற்றிக்கொண்டேன்.

கொங்குப் பக்கத்தில் அம்மாவின் அப்பாவை ‘அப்புச்சி’ என்போம். என் அப்புச்சிக்கு 78 வயது. காங்கேயம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மாமாவின் போனை வாங்கி, எழுத்துக்கூட்டி என் கட்டுரையைப் படித்திருக்கிறார். படித்த கையோடு இரண்டு கிடாக்குட்டிகளை விற்று, டவுனுக்குப் போய் ஒரு 100 வாட் சோலார் பேனல், ஒரு 40 ஆம்பியர் ஹவர் பேட்டரி, உள்ளங்கை அளவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், 9 வாட் டி.சி எல்.இ.டி பல்பு இரண்டு என எல்லாவற்றையும் வாங்கி வந்துவிட்டார். பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம் ஆகியிருந்தது.

“கடைக்காரரே வந்து மாட்டித் தர்றேன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். எம் பேத்தியே எழுதியிருக்குது, அதுவே வந்து மாட்டும்னேன்.”

இந்த வரியை இப்போது டைப் செய்யும்போதும் கை கொஞ்சம் நிற்கிறது.

இருட்டில் ஒரு பட்டி

அப்புச்சிக்கு ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஐந்து ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்... கொறங்காடு என்பது மேய்ச்சலுக்காகவே விட்டுவைத்த நிலம். சுற்றிலும் கிளுவை முள் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். காங்கேயம் மாடுகள் வளர்ந்ததே இந்தக் கொறங்காடுகளை நம்பித்தான். மழை குறைவான பூமி. எங்கள் கொறங்காட்டில் கிணறும் இல்லை, கரன்ட்டும் இல்லை. லைன் இழுப்பதென்றால் கம்பம் கம்பமாக நட்டுக்கொண்டு வரவேண்டும்.

அங்கே படல் கட்டி, பட்டி போட்டு, நாற்பது செம்மறிகளை அடைத்திருப்பார் அப்புச்சி. பட்டிக்குப் பக்கத்தில் நாலு கால் நட்டுத் தகரம் போட்ட ஒரு சாளை. அதற்குள் கயிற்றுக் கட்டில். ராத்திரிக் காவல் அவர்தான். “வயசாச்சு, நான் போய்ப் படுத்துக்கிறேன்” என்று மாமா எத்தனை முறை கேட்டும் விட்டுக்கொடுத்ததில்லை.

காவல் என்றால் திருடனுக்கு மட்டும் இல்லை. சில வருடங்களாக காங்கேயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப்போடுவது தொடர்கிறது. செத்த ஆடுகளைத் தூக்கிக்கொண்டு போய் விவசாயிகள் நியாயம் கேட்ட செய்திகளை நானே டெஸ்க்கில் எழுதியிருக்கிறேன். நாய்கள் தின்பதற்காகக் கடிப்பதில்லை. கழுத்தையும் அடிவயிற்றையும் குதறிவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போய்விடும். அப்புச்சியிடம் இருந்தது ஒரு டார்ச் லைட்டும் ஒரு தடியும்தான்.

“ராத்திரி பூரா ஒரு வெளிச்சம் எரிஞ்சுட்டு இருந்தா, நாய் வர்றது கண்ணுக்காச்சும் தெரியும் சாமி.” அவர் கேட்டது அவ்வளவுதான்.

நாற்பது நிமிடத்தில் ஒரு கட்டுரை

இப்போது அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் மாதம். வெயிலும் பவர்கட்டும் சேர்ந்து ‘சோலார்’ என்ற வார்த்தை தேடலில் மேலே வந்துகொண்டிருந்தது. “சின்னதா ஒரு கைடு போட்டுடலாமா?” என்று கேட்டார்கள். “அரைமணி நேரத்துல தர்றேன்” என்றேன். நாற்பது நிமிடம் ஆனது. மெயிலில் வந்து கிடந்த ஒரு விளம்பரக் குறிப்பு, இணையத்தில் இரண்டு பக்கங்கள், கல்லூரியில் கற்றுக்கொண்ட ‘எளிமையாகச் சொல்’ என்ற பாடம். இவைதான் என் மூலப்பொருள்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்துப் பழக்கமில்லை. பேனலைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

அதில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘முதலில் பேனலை கன்ட்ரோலரில் இணையுங்கள். அடுத்து பேட்டரி. கடைசியாக லைட். அவ்வளவுதான், வெளிச்சம் ரெடி!’

எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கிருந்தும் எடுக்கவில்லை. சூரியனிலிருந்து பேனலுக்கு, பேனலிலிருந்து கன்ட்ரோலருக்கு, அங்கிருந்து பேட்டரிக்கு, பிறகு பல்புக்கு என்று மின்சாரம் போகும் வழியைப் படத்தில் பார்த்தேன். இணைக்கும் வரிசையும் அதுவாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். படிக்க அழகாக இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கே வரவில்லை.

இன்னொரு வரியில், ‘100 வாட் பேனல், 12 மணி நேர வெயிலில் 1,200 வாட் ஹவர் தரும்’ என்று கணக்கும் போட்டிருந்தேன். காலை ஆறு மணி வெயிலும் உச்சி வெயிலும் ஒன்றா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே அந்த வரி செத்திருக்கும்.

கட்டுரை நன்றாக ஓடியது. அந்த மாதம் எங்கள் டெஸ்க்கில் அதிகம் பேர் படித்தவற்றில் அதுவும் ஒன்று.

எரியாத பல்பும் என் குறுக்குவழியும்

செப்டம்பரில் இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். மாமா பேனலைச் சாளையின் தகரத்துக்கு மேல் கம்பி வைத்துக் கட்டிவிட்டார். நான் கீழே உட்கார்ந்து, என் கட்டுரையை என் போனிலேயே திறந்துவைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். யாரோ எழுதியதுபோல என் எழுத்தையே நான் நம்பினேன்.

கன்ட்ரோலரின் அடியில் வரிசையாக ஆறு துளைகள். இடது பக்கம் பேனல் படம் போட்டு பிளஸ், மைனஸ். நடுவில் பேட்டரி படம். வலது பக்கம் பல்பு படம். பகல் பன்னிரண்டு மணி, சுள்ளென்று வெயில். முதலில் பேனல் வயர்களைச் செருகி முடுக்கினேன். சின்னத் திரை உடனே உயிர் பெற்றது. “வந்துருச்சு!” என்று கத்தினேன். அடுத்து பேட்டரி. அடுத்து பல்பு.

பல்பு எரியவில்லை. திரையில் பேட்டரி படம் மட்டும் விட்டு விட்டு மின்னியது. பட்டனை அழுத்திப் பார்த்தேன். வயரைக் கழற்றி மாட்டினேன். பல்பை மாற்றினேன். எதற்கும் அசையவில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அல்லது வேலை செய்வதாக நான் நினைத்தேன். பல்பு வயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து உருவி, நேராக பேட்டரியின் இரண்டு முனைகளில் வைத்தேன். பளிச்! “கன்ட்ரோலர்ல பல்பு பாயின்ட் மட்டும் ஏதோ ஃபால்ட் போல. பேட்டரி சார்ஜ் ஆகுது, பல்பு எரியுது. அது போதும்” என்று தீர்ப்புச் சொன்னேன். நடுவில் ஒரு சுவிட்சை வைத்து மாமா கட்டிக் கொடுத்தார்.

கன்ட்ரோலரோடு வந்த நான்காக மடித்த காகிதம் அட்டைப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பொடி எழுத்தில் ஆங்கிலம். நான் பிரிக்கவே இல்லை.

அன்று பொழுதோட ஆறரை மணிக்கு அப்புச்சி சுவிட்சைப் போட்டார். பட்டி முழுக்க வெள்ளையாக வெளிச்சம். ஆடுகள் ஒருமுறை மிரண்டு, பிறகு அசை போட ஆரம்பித்தன. அப்புச்சி கட்டிலில் உட்கார்ந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கய்யன் காலத்துல இருந்து இங்கே இருட்டுதான் அம்மணி” என்றார். அத்தை போட்டோ எடுத்தார். அந்த போட்டோவை நான் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

அந்த ராத்திரி

அக்டோபர் மூன்றாவது வாரம் அப்புச்சி போன் செய்தார். “அம்மணி, ரெண்டு மூணு நாளா வெடியக்காலத்துல லைட்டு மங்கிப்போகுது.” நான் ஷிப்டில் இருந்தேன். கையில் ஒரு பிரேக்கிங் செய்தி. “மழை மேகம் அப்புச்சி, வெயில் இல்லைல்ல. ரெண்டு நாள் வெயிலடிச்சா சரியாயிரும்” என்று சொல்லி வைத்துவிட்டேன். மொத்தம் ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

அதற்கு நான்காம் நாள் விடிகாலை அம்மா போன் செய்தார். அழுதுகொண்டே பேசியதால் முதலில் யாருக்கு என்ன ஆனதென்றே புரியவில்லை.

ராத்திரி ஒரு மணிக்கு மேல் லைட் தானாக அணைந்திருக்கிறது. தூறல். அப்புச்சி அசந்து தூங்கியிருக்கிறார். சத்தம் கேட்டு எழுந்தபோது நாய்கள் பட்டிக்குள் இருந்தன. டார்ச்சைத் தேடி, தடியை எடுத்துக்கொண்டு ஓடியதில் படல் தடுக்கி விழுந்து முழங்கால் பெயர்ந்துவிட்டது. ஒன்பது ஆடுகள். அதில் மூன்று சினை.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்திருந்தார்கள். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “வெசனப்படாத கண்ணு. லைட்டு போனதுக்கு நீ என்ன பண்ணுவே? நானுந்தான் தூங்கிப்போட்டேன்” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“எதை மொதல்ல மாட்டுனீங்க?”

மறுநாள் டவுனிலிருந்து மோட்டார் காயில் கட்டும் அண்ணன் ஒருவரை மாமா கூட்டி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு மல்டிமீட்டர். பேட்டரியில் வைத்துப் பார்த்தார். 9.8 வோல்ட்.

“பன்னெண்டு வோல்ட் பேட்டரி நல்லா சார்ஜ் ஆகி ஓய்வுல இருந்தா 12.6, 12.7 காட்டணும். 12-க்குக் கீழே போனாலே அது பட்டினி கிடக்குதுன்னு அர்த்தம்” என்றபடி பேட்டரி மேலிருந்த மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து டார்ச் அடித்தார். “இங்கே பாருங்க.” உள்ளே தகடுகள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தன. வாங்கி முழுதாக மூன்று மாதம் ஆகவில்லை. தண்ணீர் வற்றிப்போயிருந்தது.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “எதை மொதல்ல மாட்டுனீங்க?”

“பேனலை.”

“யாரு சொன்னா?”

நான் பதில் சொல்லவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். இந்த கன்ட்ரோலர் 12 வோல்ட், 24 வோல்ட் என இரண்டு வகைப் பேட்டரிக்கும் பொருந்தும் ஒன்று. முதலில் எந்த வோல்ட்டைப் பார்க்கிறதோ, அதை வைத்துத்தான் தன் பேட்டரி என்னவென்று முடிவு செய்துகொள்ளும். அதனால்தான் பேட்டரியை முதலில் இணைக்க வேண்டும். நாம் ‘12 வோல்ட் பேனல்’ என்று சொன்னாலும், வெயிலில் எதனுடனும் இணைக்காமல் இருக்கும்போது அதன் முனையில் 21, 22 வோல்ட் இருக்கும். அதை முதலில் பார்த்த கன்ட்ரோலர், ‘ஓ... நமக்கு 24 வோல்ட் பேட்டரி’ என்று எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு நடந்தது எல்லாம் அந்த ஒரு தப்பின் தொடர்ச்சி. 24 வோல்ட் கணக்கில் இருந்த கன்ட்ரோலருக்கு எங்கள் 12 வோல்ட் பேட்டரி, அடியோடு தீர்ந்துபோன பேட்டரியாகத் தெரிந்தது. அதைக் காப்பாற்றத்தான் பல்பு பாயின்ட்டை அடைத்துவைத்தது. நான் ‘ஃபால்ட்’ என்று சொன்னது ஃபால்ட் இல்லை. அது என்னை எச்சரித்திருக்கிறது. நான் அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.

சார்ஜ் ஆகும்போதும் அதே கதைதான். 12 வோல்ட் ஈய பேட்டரி 14.4 வோல்ட் அளவுக்கு வந்ததும் கன்ட்ரோலர் கரன்ட்டைக் குறைக்க வேண்டும். எங்கள் கன்ட்ரோலரோ அதைப்போல இரண்டு மடங்கு வோல்ட்டுக்காகக் காத்திருந்தது. அது வரவே வராது. பேட்டரி நிறைந்த பிறகும் பகல் முழுக்கக் கரன்ட் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்து வெளியேறிக்கொண்டிருந்தது.

இதை நான் அப்புச்சிக்குச் சொல்லிப் புரியவைக்க முயன்றபோது, அவர் ஒரே வரியில் முடித்தார். “ஆட்டு முன்னால சோளத்தைக் கொட்டிவுட்டு, தடுக்க ஆளில்லாத போயிட்ட மாதிரி. தின்னுட்டே இருக்கும். வயிறு ஊதிச் செத்துப்போகும்.”

அண்ணன் சிரித்தார். “அதேதானுங்கய்யா. ராத்திரியில அதுக்கு நேர்மாறு. பல்பை நேரா பேட்டரியில குடுத்துட்டீங்க. கன்ட்ரோலர் வழியாப் போயிருந்தா 11 வோல்ட் பக்கம் இறங்குனதும் அதுவே பல்பை நிறுத்தியிருக்கும். லைட்டு போனாலும் பேட்டரி பொழைச்சிருக்கும். இது கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிருச்சு.”

பகலில் அளவுக்கு மீறித் தின்று, ராத்திரியில் அடியோடு பட்டினி கிடந்து, ஏழு வாரத்தில் பேட்டரி செத்தது. மழை மேகம் கடைசி இரண்டு நாள்களை முடித்துவைத்ததோடு சரி.

மறுபடியும், சரியாக

என் சம்பளத்தில் புது பேட்டரி வாங்கினேன். இந்த முறை அண்ணன் பக்கத்தில் நின்றார். வேலையை நானே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

முதலில் கணக்கு. “நூறு வாட்டுங்கிறது லேபரட்டரிக் கணக்கு” என்றார். உச்சி வெயில் அளவுக்கு வெளிச்சமும், பேனல் செல்லில் 25 டிகிரி சூடும் இருந்தால்தான் அந்த 100. காங்கேயம் வெயிலில் பேனல் கை வைக்க முடியாமல் கொதிக்கும். தவிர, எங்களுடையது பி.டபிள்யூ.எம் வகை கன்ட்ரோலர். அது பேனலை பேட்டரியின் வோல்ட்டுக்கே இறக்கிவிடும். ஐந்தரை ஆம்பியர், 13 வோல்ட் என்று பெருக்கினால் 70 வாட் சொச்சம்தான். உச்சி வெயிலுக்குச் சமமாக ஒரு நாளில் ஐந்து மணி நேரம் என்று வைத்தால் 350 வாட் ஹவர். நான் எழுதியது 1,200. விலை கூடிய எம்.பி.பி.டி வகை இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துத் தரும். இரண்டு பல்புக்கு அது தேவையில்லை.

செலவு என்ன? 9 வாட் பல்பு இரண்டு, 12 மணி நேரம். 216 வாட் ஹவர், அதாவது 18 ஆம்பியர் ஹவர். 40 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் தினமும் இறக்கக் கூடாது என்றால் 20. ஆக, வெயில் நாளில் சரியாக இருக்கும். மேகம் மூடினால் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது. “அப்ப மழைக்காலத்துல ஒரு பல்பு மட்டும் போடுங்க. கணக்கு இவ்வளவுதான்” என்றார் அண்ணன். இந்த ஒரு வரி என் கட்டுரையில் இருந்திருந்தால்கூடப் போதும்.

அடுத்து வயர். நான் காலிங்பெல்லுக்கு இழுப்பதுபோல மெல்லிசான வயரைப் போட்டிருந்தேன். வீட்டில் 230 வோல்ட்டில் 18 வாட் பல்பு இழுப்பது ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே 18 வாட் 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர். அரை ஸ்கொயர் எம்.எம் வயரில் பதினைந்து மீட்டர் போய்த் திரும்பி வருவதற்குள் ஒன்றரை வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும். 12-ல் ஒன்றரை என்பது பெரிய திருட்டு. பல்புக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம்மும், பேனலுக்கு 4 ஸ்கொயர் எம்.எம்மும் வாங்கினோம்.

பிறகு ஃபியூஸ். “12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனா பேட்டரி பிளஸ்ஸும் மைனஸும் நேரா உரசுனா வயரு நெருப்பாயிரும். சாளையில பக்கத்துலயே தீவனம், காஞ்ச தட்டு எல்லாம் வெச்சிருக்கீங்க” என்று சொல்லி, பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை மாட்டச் சொன்னார். போன முறை அது இல்லவே இல்லை. அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு முதுகில் சில்லிட்டது. ஆடுகளோடு போனதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

கடைசியில், பேனல் மேல் கனமான கோணிச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வரிசையாக இணைத்தேன். உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ இப்படி ஒரு சின்ன அமைப்பு இருந்தால், தயவுசெய்து இந்த இடத்தை மட்டுமாவது மெதுவாகப் படியுங்கள்.

1. பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் வயர்கள் முதலில். பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிடாமல் இரண்டு முறை பாருங்கள். திரையில் 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் எண் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

2. அடுத்து, மூடிவைத்த பேனலின் வயர்கள். பிறகு சாக்கை எடுங்கள். சார்ஜ் ஆகும் அடையாளம் வரும்.

3. கடைசியாகப் பல்பு. அதுவும் கன்ட்ரோலரின் பல்பு பாயின்ட்டில்தான். பேட்டரியில் நேராகக் கொடுக்காதீர்கள்.

4. கழற்றும்போது இது தலைகீழ். முதலில் பல்பு, அடுத்து பேனல், கடைசியில்தான் பேட்டரி.

5. கன்ட்ரோலரை பேட்டரிக்கு நேர் மேலே வைக்காமல், பக்கவாட்டில், நிழலில், காற்றோட்டமாக மாட்டுங்கள். பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால், மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

6. உங்கள் கன்ட்ரோலரோடு வந்த காகிதத்தைப் பிரித்துப் படியுங்கள். அதில் வேறு வரிசை போட்டிருந்தால், நான் சொல்வதை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

என் பெட்டியில் கிடந்த காகிதத்தை அன்றுதான் பிரித்தேன். இரண்டாம் பக்கத்தில், எண் போட்டு, படத்தோடு இருந்தது. 1: பேட்டரி.

கன்ட்ரோலருக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, பேட்டரியை முதலில் கொடுத்ததும் அது 12 வோல்ட் என்று ஒழுங்காகக் கண்டுகொண்டது. பல்பு பாயின்ட்டில் பல்பு எரிந்தது.

திருத்தம்

சென்னைக்குத் திரும்பும் ரயிலில், அந்தக் கட்டுரை இன்னும் தேடலில் மேலேயே இருப்பதைப் பார்த்தேன். சத்தமில்லாமல் அந்த வரியை மாற்றிவிடலாம். இரண்டு நிமிட வேலை. யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், முதலில் அதைத்தான் செய்ய நினைத்தேன். லாகின்கூடச் செய்துவிட்டேன்.

ஆனால், மாற்றி எழுதுவது இனிமேல் படிப்பவர்களுக்குத்தான் உதவும். ஏற்கெனவே படித்துவிட்டு, பேனலை முதலில் மாட்டிவிட்டு, ‘பல்பு பாயின்ட் ஃபால்ட்’ என்று நேராகக் கொடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? எத்தனை சாளைகளில், எத்தனை பெட்டிக்கடைகளில் பேட்டரி இப்போது தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது? என் அப்புச்சிக்காவது நான் இருக்கிறேன்.

மறுநாள் எடிட்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று தயாராகத்தான் போனேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மேலேயே திருத்தம்னு போடு. எது தப்பா இருந்துச்சுன்னும் போடு. படிச்சுட்டு ஏற்கெனவே மாட்டினவங்க என்ன செய்யணும்னும் போடு” என்றார். “அடுத்த தடவை, நீயே செஞ்சு பார்க்காததை எழுதினா, செஞ்சு பார்த்த ஒருத்தர்கிட்ட படிச்சுக் காட்டிட்டு எழுது.”

அப்படியே செய்தேன். அதில் இடம் போதவில்லை. மிச்சத்தைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புது பேட்டரிக்கு நான் கொடுத்த பணத்தை அப்புச்சி வாங்கிக்கொண்டார். ஆடுகளுக்கு என்று கொடுத்ததைத் தொடவே இல்லை. “அதுக்குக் காசு வாங்குனா நான் வித்ததா ஆயிரும் அம்மணி” என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

வெளிச்சம் இருந்திருந்தால் நாய்கள் வந்தே இருக்காது என்று சொல்ல முடியாது. வந்திருக்கலாம். ஆனால், அவர் பார்த்திருப்பார். அந்த வாய்ப்பை அவர் காசு கொடுத்து வாங்கியிருந்தார். நான் அதை அணைத்துவிட்டேன்.

முழங்கால் தேறியதும் அப்புச்சி மறுபடி கொறங்காட்டுக்குப் போய்விட்டார். இப்போது பட்டியில் முப்பத்தாறு. குட்டிகள் ஈன்றிருக்கின்றன. கன்ட்ரோலர் திரையில் இருக்கும் எண்ணைப் படிக்க மாமா சொல்லிக்கொடுத்திருக்கிறார். நாள்காட்டித் தாளில் பொழுதோட ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை குறித்துவைக்கிறார். தினமும் ஆறரை மணிக்கு எனக்குப் போன் வரும். என் ஷிப்டில் எவ்வளவு வேலை இருந்தாலும் எழுந்து வெளியே போய் எடுக்கிறேன்.

“அம்மணி, பன்னெண்டே முக்கால் காட்டுது. சரியா?”

“சரிங்க அப்புச்சி. இன்னைக்கு ரெண்டு பல்பும் போட்டுக்குங்க.”

“மேகமா இருக்குது சாமி. நான் ஒண்ணே போட்டுக்கறேன்.”